செங்கலடியிலிருந்து வானவழி எவ்வளவு தூரம்?

செங்கலடிச் சந்தியிலிருந்து மலைநாட்டை நோக்கிச் செல்லும் தெருவை ஊரார் பதுளை வீதி என்பர். அரசாங்கப் பதிவிலோ அது பேராதனை–பதுளை–செங்கலடிப் பெருஞ்சாலை. கரடியனாறு, மகாஓயா, பிபிலை, பதுளை, நுவரெலியா, கம்பளை எனச் சுற்றிச் சுற்றி ஏறத்தாழ 275 கிலோமீற்றர் கடந்தே அது பேராதனையை அடைகின்றது. மஹியங்கனை வழியே வருவோர்க்கு இத்தனை சுற்று இல்லை.

வானவழி நேர்கோட்டில் அளந்தால் எவ்வளவு? பள்ளித் தேசப்படம் ஒன்றை விரித்து நாம் கணக்கிட்டோம். மாணவரும் செய்து பார்க்கலாம். இரண்டு ஊர்களும் வடக்குத் தெற்காக அரைப் பாகையும், கிழக்கு மேற்காக ஒரு பாகையும் விலகி நிற்கின்றன. நமது நாட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றர். ஆகவே செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் 55, 110. செம்பக்கம் சுமார் 123 கிலோமீற்றர். வீதித் தூரத்தில் பாதிகூட இல்லை!

பேராதனைக்கு விமானம் இல்லை. ஆனால் கொழும்பை அடுத்த இரத்மலானைக்கும் மட்டக்களப்புக்கும் இதே கணக்கைப் போட்டால் 220 கிலோமீற்றர் வருகின்றது. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. 1983இல் விமானப்படையின் பொறுப்புக்குச் சென்று, 2018இல் மீண்டும் பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

மணிக்கு 300 கிலோமீற்றர் பறக்கும் சிறு விமானத்துக்கு இத்தூரம் 44 நிமிடப் பயணம். ஆனால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 50 கிலோமீற்றர் வேகக் காற்று எதிர்த்தால் 53 நிமிடம். பின்னின்று தள்ளினால் 38 நிமிடம். மேலெழும்பவும் இறங்கவும் ஆகும் நேரம் வேறு.

இனி, நோயுற்ற முதியவர் ஒருவரைக் கொழும்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய செங்கலடிக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். விமான நிலையம் செல்ல ஒரு மணி, அங்கே காத்திருக்க ஒரு மணி, இரத்மலானையிலிருந்து நகருக்குள் நுழைய மற்றொரு மணி. முக்கால் மணிப் பறப்பு நாலு மணியை நெருங்கிவிடும். ஏறாவூரில் புகையிரதம் ஏறினாலோ ஏறத்தாழ எட்டு மணி நேரம்; கட்டணமோ மிகவும் குறைவு. மிஞ்சும் நேரம் நாலே மணிதான். வாலிபனுக்கு அது பெரிதன்று. இருக்கையில் சாயவும் முடியாத நோயாளிக்கு அதைவிடப் பெரிது வேறில்லை. பணத்தைப் பாராமல் விமானத்தை நாடுவோரை ஆடம்பரக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம்.

அப்படிச் செல்வோர் மாதத்தையும் பார்த்துக்கொள்ளலாம். வாடை வீசும் மாரியில் கொழும்புக்குப் போகும்போது காற்று துணைநிற்கும், திரும்புகையில் எதிர்க்கும். கச்சான் வீசும் கோடையிலோ போவதுதான் தாமதம். வீடு திரும்புவது விரைவு.