கடலின் வரலாற்றைத் தனியே எழுத முடியாது

1629 ஜூன் 4 அதிகாலை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டாவியா' கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு பவளத் திட்டில் மோதி உடைந்தது. அதுதான் அந்தக் கப்பலின் முதல் பயணம். கட்டப்பட்டது ஆம்ஸ்டர்டாமில், போய்ச் சேரவேண்டியிருந்தது இன்றைய ஜகார்த்தாவுக்கு. பயணத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ்கோ பெல்சார்ட்டின் குறிப்பேடு நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1970களில் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட கப்பலின் பின்பகுதி ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேன்டில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் ஓக் மரங்கள் பால்டிக் கரைக் காடுகளிலும் வட ஜெர்மனியிலும் வெட்டப்பட்டவை. மர வளையங்களைப் படித்து இதைக் கண்டறிந்து 2021-இல் வெளியிட்டவர்கள் டென்மார்க், நெதர்லாந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூவர்.

ஒரு கப்பலுக்கே சான்றுகள் இப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் டச்சுக் கையெழுத்தைப் படிப்பார், ஆனால் மரத்தைப் படிக்கத் தெரியாது. இன்னொருவர் கடலில் மூழ்கி அகழாய்வு செய்வார், ஆனால் கம்பெனியின் கணக்கேடு அவருக்கு எட்டாது. கடல் வரலாற்றுக்கென்று ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் கூடுவதன் தேவை இங்கேதான் பிறக்கிறது.

கூட்டம் எப்படி நடக்கிறது?

ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே ஏற்பாட்டாளர்கள் மையப்பொருளை அறிவித்துக் கட்டுரைகளுக்கு அழைப்பு விடுப்பார்கள். துறைமுகத் தொழிலாளர், கடற்கொள்ளை, நீர்மூழ்கிப் போர், கலங்கரை விளக்கம் என்று பொருள் எதுவாகவும் இருக்கலாம். ஆர்வமுள்ளவர்கள் முந்நூறு சொல் அளவில் ஆய்வுச் சுருக்கம் அனுப்புவார்கள். குழு அவற்றைத் தேர்ந்து, ஒன்றோடொன்று உரசிப் பேசக்கூடிய மூன்று கட்டுரைகளை ஓர் அமர்வில் சேர்க்கும். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். அதன் பிறகு கேள்வி நேரம்.

கூட்டத்தின் உயிர் அந்தக் கேள்வி நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு மாணவர் தன் ஆய்வில் விடை கிடைக்காத இடத்தைச் சொல்லும்போது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து அந்தக் கப்பலின் சம்பளப் பட்டியல் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். அச்சிட்ட கட்டுரை அப்படிப் பதில் பேசாது. வாசிக்கப்பட்டவை விவாதத்தின் வெளிச்சத்தில் திருத்தி எழுதப்பட்டு, பின்னர் ஆய்விதழிலோ தொகுப்பு நூலிலோ இடம்பெறும்.

போரிலிருந்து துறைமுகத்துக்கு

கடற்படை வரலாறு முதலில் கடற்படையின் தேவைக்காகவே எழுதப்பட்டது. ஜான் நாக்ஸ் லாட்டன் 1874-இல் லண்டனில் ஆற்றிய உரையில், அதை அறிவியல் முறைப்படி, மூல ஆவணங்களிலிருந்து எழுதவேண்டும் என்று வாதிட்டார். அவர் முன்னின்று 1893-இல் உருவாக்கிய கடற்படை ஆவணச் சங்கம் பிரிட்டிஷ் ஆவணங்களை அச்சேற்றத் தொடங்கியது. இடையே 1890-இல் அமெரிக்க அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் கடல்வலிமை பற்றி எழுதிய நூல், பல நாட்டு அரசுகளின் கடற்படைக் கொள்கையையே அசைத்தது. அந்த நூல், அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரியில் அவர் நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்தது.

பார்வை விரிந்தது அதற்குப் பிறகுதான். 1910-இல் லண்டனில் தொடங்கிய கப்பலியல் ஆய்வுச் சங்கம், கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலைக் காக்க நிதி திரட்டியது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் உருவாகவும் துணை நின்றது. 1960களில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷேல் மொலா முன்னின்று நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்குகள் வணிகத்தையும் சமூகத்தையும் நடுவே கொண்டுவந்தன. அவற்றில் ஒன்று 1966-இல் பெய்ரூட்டில் நடந்தது. அதன் பொருள், கீழை நாடுகளிலும் இந்தியப் பெருங்கடலிலும் இயங்கிய வணிகக் கம்பெனிகள்.

இன்று 'கடற்படை வரலாறு' போர்க்கப்பல், ஆயுதம், கட்டளை, உத்தி ஆகியவற்றைப் பேசுகிறது. 'கடல்சார் வரலாறு' மீன்பிடிப்பு, சரக்கு, காப்பீடு, குடிபெயர்வு, மாலுமியின் கூலி என்று கரையிலும் கடலிலும் பரவுகிறது. 1914-இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 'லஸ்கர்கள்', அதாவது இந்தியா முதலான ஆசிய நாடுகளின் மாலுமிகள், வேலை பார்த்தார்கள். தளபதிகளை மட்டும் பேசும் வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை. கூலிப் பட்டியலைத் திறக்கும் வரலாற்றில் உண்டு.

யார் கூட்டுகிறார்கள், யார் வருகிறார்கள்?

பிரிட்டனில் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் தனி ஆய்வாளர்களுக்கும் என்றே 'புதிய ஆய்வாளர்' மாநாடு ஆண்டுதோறும் இடம் மாற்றி நடக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கடல் வரலாற்றுச் சங்கங்கள் ஆண்டு மாநாடு கூட்டுகின்றன. அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியின் கருத்தரங்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. பழங்காலப் படகு, கப்பல் தொல்லியலுக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு 1976-இல் கிரீனிச்சில் தொடங்கியது. கடல்சார் வரலாற்றின் உலக மாநாடு 1992-இல் லிவர்பூலில் தொடங்கி நான்காண்டுக்கு ஒருமுறை கூடிவந்திருக்கிறது. இந்தியாவில் கடற்படை அதிகாரி எம்.பி. அவதி 1978-இல் மும்பையில் நிறுவிய கடல்சார் வரலாற்றுச் சங்கம் இப்பணியைச் செய்கிறது.

அரங்கில் பேராசிரியர்கள் மட்டும் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற மாலுமி, காப்பகப் பணியாளர், அருங்காட்சியகக் காப்பாளர், தன் தாத்தாவின் கப்பலைத் தேடுபவர் என எல்லோரும் வருகிறார்கள். இவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 1915-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் பணியாளர் பட்டியல்கள் சுமார் 39,000 இன்று கணினியில் தேடக் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள சுமார் 7,50,000 பெயர்களை எழுத்தெழுத்தாகப் பதிவு செய்தவர்கள் தன்னார்வலர்கள்.

கூடியதால் கிடைத்தது என்ன?

அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் கணக்கு இதற்குப் பெரிய சான்று. ஆப்பிரிக்கர்களை ஏற்றிய துறைமுகத்தில் ஒரு பதிவு, இறக்கிய துறைமுகத்தில் இன்னொன்று, கப்பல் உரிமையாளரின் நாட்டில் மற்றொன்று என்று ஆவணங்கள் பல மொழிகளில் கிடந்தன. டேவிட் எல்டிஸும் ஸ்டீபன் பெரென்ட்டும் 1990-இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் தற்செயலாகச் சந்தித்தார்கள். பிறகு அமெரிக்க வரலாற்றுச் சங்க மாநாட்டிலும் ஹார்வர்டில் நடந்த கூட்டங்களிலும், தனித்தனியே சேர்த்துவைத்த தரவுகளை ஒன்றாக்கும் திட்டம் உருப்பெற்றது. இன்று அந்தத் தொகுப்பில் சுமார் 36,000 பயணங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 1.25 கோடி பேர் கப்பலேற்றப்பட்டார்கள், அவர்களில் சுமார் 1.07 கோடி பேரே உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்தது. இடைப்பட்ட பதினெட்டு லட்சம் உயிர்களின் கணக்கை எந்த ஒரு நாட்டின் காப்பகமும் தனியே சொல்லியிருக்காது.

வானிலை அறிவியலும் இப்படிப் பயன்பெற்றிருக்கிறது. 1750 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களின் அன்றாடப் பதிவேடுகளில் மாலுமிகள் காற்றின் திசையையும் வலிமையையும் குறித்து வைத்திருந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர்களும் காலநிலை அறிஞர்களும் சேர்ந்து அவற்றைத் திரட்டினார்கள். அளவைக் கருவிகள் பரவலாகாத காலத்தில் பெருங்கடல்களின் காற்று எப்படி வீசியது என்பதை அவை காட்டின.

தமிழகக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. படகுத் தொல்லியல் கருத்தரங்கைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஷான் மெக்ரெய்ல். அவரும் லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகியோரும் 1990களில் தமிழகத்தின் வத்தைப் படகுகளை ஆராய்ந்தார்கள். நம் ஓடாவிகள், அதாவது படகுத் தச்சர்கள், காகிதத்தில் வரைபடம் போடாமல், அச்சுகளைக் கொண்டே படகின் விலா எலும்பு போன்ற வங்கு மரங்களை வடிவமைத்து, அவற்றை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிப்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். அது இடைக்கால மத்தியதரைக் கடல் கப்பல் தச்சர்களின் முறையை ஒத்திருந்தது. இந்த ஒற்றுமை எப்படி வந்தது என்ற கேள்வி, கோடியக்கரைப் பக்கத்துப் படகை உலகக் கப்பல் வரலாற்றின் விவாதத்துக்குள் கொண்டு சென்றது.

இன்னும் திறக்கவேண்டிய கதவு

இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் பணக்கார நாடுகளிலேயே நடக்கின்றன. விமானக் கட்டணம், விசா, பதிவுக் கட்டணம் ஆகியவை ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. 2020-க்குப் பின் பரவிய இணையவழிப் பங்கேற்பு இதை ஓரளவு குறைத்திருக்கிறது. ஆயினும் அரங்கின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே.

தமிழகத்தில் இதற்கான அரங்கை அமைக்க நம்மிடம் பல்கலைக்கழகங்களும் காப்பகங்களும் பழைய துறைமுக ஊர்களும் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை, ஓரிரு நாள், தமிழில், கடலோர ஊர் ஒன்றில் கூடினால் போதும். அந்த மேடையில் கல்வெட்டு அறிஞரும் மீனவரும் ஒரே அமர்வில் பேசவேண்டும். ஓடாவிக்கும் பேராசிரியருக்கு உள்ள அதே இருபது நிமிடம் வேண்டும். மரப் படகுகளின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவிட்டன, வத்தை கட்டத் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள கணக்கு எந்தக் காப்பகத்திலும் இல்லை. ஆகவே முதல் அழைப்பிதழ் அவர்களுக்கே போகட்டும்.