ஆய்வு மாணவரும் மருத்துவக் காப்பீடும்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்கு உறுப்புகளைக் கூறுவார். செலவை ஏற்பவன் என ஐந்தாவதொன்றை அவர் சேர்க்கவில்லை. இக்காலத்திலோ அந்த ஐந்தாமவன் வந்த பிறகே ஏனைய நால்வரும் ஒன்றுகூடுகின்றனர்.

தாம்பரத்தில் அறையெடுத்துத் தங்கி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த நம் மாணவர் ஒருவருக்கு, நள்ளிரவில் அவசர அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. தந்தையின் பெயரிலான முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைவசம் இருந்தது. ஆயினும் மாணவருக்கு வயது 26. அட்டை பயன்படாது என்றுரைத்தனர். ஜுமுஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரித்துத் திரட்டிய தொகையே அவரை மீட்டது. கொடுத்தவர்கள் மனமுவந்தே கொடுத்தனர். ஆனால் அம்மாணவர் அதன்பின் அந்தப் பள்ளிவாசலுக்குத் தொழ வரவில்லை. சற்றுத் தொலைவிலுள்ள வேறொன்றிற்குச் சென்றுவந்தார். அந்த நிகழ்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. இதற்கு முன்னோடி 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகும். குடும்ப ஆண்டு வருமான வரம்பு முதலில் ரூ. 72,000, பின்னர் ரூ. 1,20,000 ஆக உயர்ந்தது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்த பின், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை சிகிச்சை பெறும் நிலை ஏற்பட்டது. பயனாளி தவணை ஏதும் கட்டுவதில்லை. அதனை அரசே செலுத்துகிறது.

ஆய்வு மாணவர் நன்கு கவனிக்க வேண்டியது, இத்திட்டம் 'குடும்பம்' என்பதற்குத் தரும் வரையறையே. வேலை, திருமணம், 25 வயது நிறைவு ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் பிள்ளைகள் பெற்றோர் அட்டைக்குள் அடங்குவர். முதுகலை முடித்து ஆய்வில் நுழைவோர் பலருக்கு அந்த வயது ஆய்வின் நடுவிலேயே வந்துவிடுகிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்திலோ வரம்பு இன்னும் குறுகியது. மறைமலைநகர் ஆலையொன்றில் பணிபுரியும் தந்தையின் வாயிலாக, பயிலும் மகன் 21 வயது வரையே மருத்துவ உதவி பெறுவான்; தந்தையைச் சார்ந்திருக்கும் மணமாகாத மகளுக்கு அவ்வயது வரம்பு இல்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் காப்பீட்டில் 26 வயது வரை இருக்க இடமளித்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

உதவித்தொகை பெறுவோருக்கு இக்கவலை இல்லை என எண்ணுதல் தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 ஆக உயர்ந்தது. எனினும் மருத்துவச் செலவுக்கென அதில் தனித்தொகை கிடையாது. உதவித்தொகையே இல்லாதவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகையோர் தம் பெயரில் சிறியதொரு காப்பீடு எடுப்பதே வழி. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' எந்த நிறுவனத்தில் வாங்கினும் ஒரே நிபந்தனைகளை உடையது. ஆதலின் தவணையை மட்டும் ஒப்பிட்டால் போதும். செலவில் 5 விழுக்காட்டை நாம் ஏற்கவேண்டும். விபத்து நீங்கலாக, முதல் 30 நாட்களில் நேரும் நோய்க்குத் தொகை கிடைக்காது. முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டலாகாது என 2024இல் விதியாயிற்று. நோயைக் கண்டபின் வாங்குவது வெள்ளம் வந்தபின் அணைகோலுவதை ஒக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது ஓரளவு ஆறுதல்.

இங்கே நம் பெரியோர் ஒரு வினா எழுப்புவர்: காப்பீடு மார்க்கத்திற்கு உகந்ததா? 1985இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டை ஏற்காது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தக்காஃபுல் சட்டம் இயற்றியிருந்தது. தீர்ப்புரைப்பது ஆலிம்களின் பணி. தமிழாசிரியராகிய நம் பணியன்று. ஆனால் தயங்குவோர் தவணையே கட்டாத அரசுத் திட்டத்தையும் அதனோடு சேர்த்து ஒதுக்கிவிடுவதைக் கண்டுள்ளோம். இரண்டும் ஒன்றல்ல என்பதையேனும் ஆலிம்களிடம் எடுத்துரைத்துக் கேட்டல் நலம்.

அட்டை எதுவும் இல்லாதவரும் வழியற்றவரல்லர். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயருக்குக் காரணமான நெஞ்சக நோய் மருத்துவமனை, மருத்துவர் சௌரிமுத்துவால் 1928இல் நிறுவப்பெற்று, பின்னர் அரசின் வசமானது. ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வாகனத்தில் விரையும் மாணவர்கள் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய அத்திட்டம், சாலை விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமானத்தையோ ஊரையோ கேட்பதில்லை.

முதலமைச்சர் திட்ட அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ளது. தாம்பரத்தாருக்கு அது செங்கல்பட்டு. ஆம்பூரிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ வந்து பயில்வோர் தத்தம் மாவட்டத்தில் பதியவேண்டும்; அட்டையோ திட்டத்தில் சேர்ந்த எம்மருத்துவமனையிலும் செல்லும். நம் துறையில் இப்போது ஆய்வுக்குச் சேர வருவோரிடம் தலைப்பைக் கேட்குமுன் பிறந்த தேதியைக் கேட்கிறோம். சிலர் வியப்போடு பார்க்கின்றனர்.