அண்மை மொழிக் கற்றலும் பயிற்சி மாற்றமும்: போனக்காட்டுத் தமிழ்க் குழந்தையை முன்வைத்து

முன்னுரை

கற்றல், மொழி, சிந்தனை ஆகிய மூன்றும் உளவியல் பாடநூல்களில் தனித்தனி இயல்களாக அமைகின்றன. ஆயின் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் அதற்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு மொழியும் வழங்கும் குழந்தையிடத்தில் இம்மூன்றையும் பிரித்துக் காண இயலாது. திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், விதுராவை அடுத்து அகத்தியமலைச் சாரலில் உள்ள போனக்காடு இதற்குத் தக்க சான்றாகும். தேயிலைத் தோட்ட வேலைக்கென வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களைக் கொண்ட ஊர் இது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. எனவே, இத்தகைய ஊரில் பிறக்கும் தமிழ்க் குழந்தை பொதுவாழ்வில் மலையாளத்தை எதிர்கொள்கிறது. அக்குழந்தை செய்யும் பிழைகளின் உளவியல் அடிப்படையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்றல்

முன்னர்க் கற்ற ஒன்று பின்னர்க் கற்பதைப் பாதிப்பதைப் பயிற்சி மாற்றம் என்பர். இரு செயல்களுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவிலேயே இம்மாற்றம் நிகழும் எனத் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901இல் கூறினர். பழைய கற்றல் புதியதற்குத் துணைசெய்தால் அது நேர்மாற்றம். இடையூறு செய்தால் எதிர்மாற்றம். மொழித்துறையில் இவ்விடையூற்றைக் குறுக்கீடு என்னும் பெயரால் 1953இல் வைன்ரைக் விரிவாக ஆராய்ந்தார்.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுக்கூறுகள் மிகுதி. ஆதலின் நேர்மாற்றமும் மிகுதி. 'அவன் வந்தான், அவள் வந்தாள்' என்று பேசும் குழந்தை, மலையாளத்தில் இருவருக்கும் 'வந்நு' என்ற ஒரே வடிவம் வருவதைக் கேட்கிறது. வேர்ச்சொல்லும் சொற்றொடர் வரிசையும் முன்பே தெரிந்தவை. திணை, பால், இட விகுதிகளை விட்டுவிடுவது மட்டுமே அது புதிதாகக் கற்க வேண்டுவது.

மொழி

கற்றல் என்பது தூண்டலும் துலங்கலும் வலுவூட்டலும் மட்டுமே எனின், குழந்தை தான் கேட்டவற்றையே திரும்பச் சொல்லுதல் வேண்டும். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட மொழி நடத்தைக் கொள்கையைச் சாம்ஸ்கி 1959இல் மறுத்தபோது இக்குறையையே சுட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில் ஜீன் பெர்கோ, பொருளற்ற புதுச்சொற்களுக்கும் குழந்தைகள் பன்மை விகுதியை முறையாகச் சேர்ப்பதைச் சோதனையில் காட்டியிருந்தார்.

அண்மை மொழியைக் கற்பவரிடமும் இவ்விதியாக்கம் நிகழக்கூடும். தமிழ் 'கஞ்சி' மலையாளத்தில் 'கஞ்ஞி', 'மஞ்சள்' 'மஞ்ஞள்', 'மாங்காய்' 'மாங்ங', 'தேங்காய்' 'தேங்ங'. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெல்லினமாகிறது என்ற விதியைக் குழந்தை தானே கண்டுகொள்ள இயலும். ஆயின் 'அஞ்சு' என்னும் எண்ணுப்பெயரும் 'பங்கு' என்னும் சொல்லும் மலையாளத்திலும் மாறாமல் நிற்கின்றன. எனவே ஒரு குழந்தை 'அஞ்ஞு' என்று சொல்லுமாயின், அதனை எவரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. விதியிலிருந்து பெற்றுச் சொல்கிறது. கற்பவரின் பிழை அவர்தம் உள்ளத்தில் உருவாகிவரும் இலக்கணத்துக்குச் சான்று என்று கார்டர் 1967இல் கூறியது இங்குப் பொருந்தும்.

சிந்தனை

ஒலி வேறுபட்டால் செவி உணர்த்தும். ஒலி ஒன்றாக நின்று பொருள் வேறுபட்டால் உணர்த்துவார் இல்லை. தமிழில் பெருக்கைக் குறிக்கும் 'வெள்ளம்' மலையாளத்தில் நீரைக் குறிக்கிறது. தமிழில் விரைவைக் குறிக்கும் 'அவசரம்' அங்கு வாய்ப்பைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சில் மனைவியைக் குறிக்கும் 'சம்சாரம்' அங்குப் பேச்சைக் குறிக்கிறது.

இத்தகைய இடங்களில் சிந்தனை தடைப்படுவதற்குக் காரணம் மனப்பழக்கம். லூச்சின்ஸ் 1942இல் செய்த நீர்ச்சாடிச் சோதனை இதனை விளக்கும். மூன்று சாடிகளைக் கொண்டு குறிப்பிட்ட அளவு நீரை அளக்கும் கணக்குகளை ஒரே நீண்ட முறையில் தொடர்ந்து செய்தவர்களிடம், 23, 49, 3 அளவுடைய சாடிகளால் 20 அளவு நீர் கேட்கப்பட்டது. 23இலிருந்து 3ஐக் கழித்தல் போதுமாயினும், பலர் 49இலிருந்து 23ஐயும் இருமுறை 3ஐயும் கழித்தனர். பழகிய முறை விடையைத் தந்ததால் எளிய வழி கண்ணில் படவில்லை. பழகிய சொல்லும் அவ்வாறே ஒரு பொருளைத் தந்துவிடுவதால், வேறு பொருள் உண்டோ என்னும் ஐயம் எழுவதில்லை.

வேற்றுமொழி கற்பவர் தாய்மொழியில் அமைந்த பொருள் ஒழுங்கின் வழியாகவே அதனை அணுகுகிறார் என்பது வைகாட்ஸ்கி 1934இல் வெளிவந்த நூலில் கூறிய கருத்து. அவ்வொழுங்கு வலுவாக அமையாத நிலையில் இரண்டாம் மொழிக்கு ஊன்றுகோல் இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிப் பயிற்சிக்குரிய வசதிகளை மாநிலங்கள் செய்ய முயல வேண்டும் எனும் அரசியலமைப்பின் 350அ பிரிவு உளவியல் நோக்கிலும் பொருளுடையதாகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதே நிலைதான். மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் அறியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவர். 'அவசரம்' போன்ற அறிந்த சொல்லுக்குப் புரட்டார். தொலைவான மொழியிலிருந்து பெயர்க்கும்போது நேராத பிழை அண்மை மொழியில் நேர்வது இதனாலேயே.

முடிவுரை

மொழி நெருக்கம் கற்றலை விரைவுபடுத்துகிறது. அந்நெருக்கமே பிழைக்கும் இடமாகிறது. இவ்விரண்டும் ஒரே உளச்செயலின் இரு விளைவுகள். 'அஞ்ஞு' என்னும் குழந்தையை மந்தம் என மதிப்பிடுதல், அது நிகழ்த்திய சிந்தனையைக் காணத் தவறுவதாகும். ஒலிமாற்ற விதிகளையும், வடிவொத்துப் பொருள் வேறுபடும் சொற்களையும் பட்டியலிட்டு வகுப்பறையில் வெளிப்படையாகக் கற்பித்தல் இக்குறையைப் போக்கும். அப்பட்டியல் ஆசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன்படும்.