பளையில் ஓர் இரவு

சட்டி பானை, பாய், தலையணை எல்லாம் ஏற்றிக்கொண்டு, பிள்ளை குட்டிகளுடன் வேனில் தூரப் பயணம் போவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. வழியில் இருட்டிவிட்டால் வேனே வீடு. அந்த ஓர் இரவுக்கும் மார்க்கத்தில் சட்டமும் ஒழுக்கமும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2011ஆம் ஆண்டு புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்ற இரு குடும்பங்களுடன் நானும் என் துணைவியாரும் போயிருந்தோம். ஆனையிறவைக் கடந்ததும் சாரதிக்குக் கண் சொருகத் தொடங்கியது. "இன்னும் நாற்பது கிலோமீற்றர்தானே" என்று சிலர் அவசரப்பட்டார்கள். தூக்கக் கண்ணோடு ஓட்டுபவரை அவசரப்படுத்துவது என்ன நியாயமோ! பளையில் நிறுத்தினோம்.

ஒரு பக்கம் கிளாலிக் கடல்நீரேரி, மறுபக்கம் கீழைக்கடல். நடுவே தென்னையும் பனையும் நிறைந்த அமைதியான ஊர். பாதையோரத்திலேயே பாய் விரிக்கலாம் என்றார் ஒருவர். நான் மறுத்தேன். இரவில் தங்கும்போது பாதையைத் தவிர்க்குமாறும், அது பிராணிகள் நடமாடும் வழி, விஷ ஜந்துக்கள் ஒதுங்குமிடம் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அங்கு வேறோர் ஆபத்தும் இருந்தது. அடுத்துள்ள முகமாலைப் பகுதி அப்போது மிதிவெடிகள் நிறைந்த பூமியாக இருந்தது. பற்றைப் பக்கம் ஒதுங்கவே கூடாது என்று பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொன்னோம்.

விளக்கு எரிந்த ஒரு வீடு தெரிந்தது. தகரக் கூரை. பிற சமயத்தவர், அவர்களும் மீளக் குடியேறி அதிக நாளாகவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, "தயம்மும் செய்துகொள்வோமே" என்றார் எங்களுடன் வந்த மூத்தம்மா. ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை தொலைந்து படை தங்கிய இடத்தில் தண்ணீரே இருக்கவில்லை. அப்போதுதான் தயம்முமின் ஆயத்து இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் கிணறு இருக்க, தேடாமல் மண்ணைத் தொட நம் ஷாபிஈ மத்ஹபில் இடமில்லை. என் துணைவியார் போய்க் கேட்டார். "அதுக்கென்ன, அள்ளுங்கோ. வானையும் வளவுக்குள்ள விடுங்கோ" என்றார் அந்த வீட்டு அம்மா.

மஃரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். ஓரிடத்தில் இறங்கியதும் அல்லாஹ்வின் பரிபூரண வார்த்தைகளைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆவைப் பெண்கள் ஓதினார்கள். அதை நமக்கு அறிவித்தவரும் ஒரு பெண்மணியே: கவ்லா பின்த் ஹகீம் (ரலி).

பிறகுதான் மூத்தம்மா கேட்டார். "மௌலவி, பளையில நான் முஸாபிர், சரி. நாளைக்கு யாழ்ப்பாணத்திலயும் கஸ்ருதானா? அது நான் பொறந்த ஊரெல்லோ?"

1990 அக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர். எனக்கு உடனே வாய் வரவில்லை. இமாம் ஷாபிஈ (ரஹ்) காட்டும் ஆதாரத்தைத்தான் சொன்னேன். மக்காவிலிருந்து விரட்டப்பட்ட முஹாஜிர்கள் நபியவர்களோடு மீண்டும் அங்கு வந்தபோது, சிலருக்கு வீடும் உறவும் அங்கிருந்தும் கஸ்ரே தொழுதார்கள். பிறந்த மண் என்பதால் மட்டும் பயணம் முடியாது. இனி இங்கேதான் வாழ்வேன் என்ற நிய்யத்து வேண்டும். அந்த நிய்யத்தோடு போனால், ஊருக்குள் நுழைந்ததும் முழுமையாகத் தொழ வேண்டும்.

"ரெண்டு நாளில திரும்பிடுவம்" என்றார். வேறு பேசவில்லை. அன்றிரவு அவர் தூங்கியதாகத் தெரியவில்லை.

ஸுப்ஹுக்குப் பின் வளவைக் கூட்டி, குப்பையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அந்த அம்மா பிள்ளைகளுக்கு இரண்டு தேங்காய் கொடுத்தார்.

லுஹரை யாழ்ப்பாணத்தில், மீண்டும் குடியேறிவிட்ட தங்கை வீட்டில் பெண்கள் ஜமாஅத்தாகத் தொழுதார்களாம். மூத்தவர் என்பதால் இவரே முன்னின்றார். இரண்டு ரக்அத்தில் இவர் ஸலாம் கொடுக்க, தங்கை மீதி இரண்டுக்காக எழுந்து நின்றார் என்று என் துணைவியார் சொன்னார்.