வளைந்த லேபிளும் வளையக்கூடாத எழுத்தும்

டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள், தில்லி ஹாட்டுக்கு எதிர்ப்புறமாக நுழைந்து, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நேந்திரங்காய் வறுவலும் விற்கும் கடைகளின் பக்கம் போகிறவர்கள், இட்லி மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகிய வீட்டுத் தயாரிப்புகள் கண்ணாடிப் புட்டிகளில் அழகழகான லேபிள்களோடு வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நம்மவர்கள் கைப்பக்குவத்தை ஜீவனோபாயமாக்கிக் கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் அப்புட்டிகளில் ஒன்றைக் கையிலெடுத்து, தயாரித்தவர் விலாசத்தையோ, பதினான்கு இலக்க உரிம எண்ணையோ, பொடியில் நிலக்கடலை கலந்திருக்கிறதா என்பதையோ வாசிக்க முயல்கிறபோதுதான், எழுத்துக்களெல்லாம் அலை அலையாக நெளிந்து, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் நசுங்கி, சைவப் பண்டம் என்று காட்டும் பச்சை வட்டம் முட்டை வடிவமாகி, விலை இருந்த இடம் புட்டியின் வளைவில் மறைந்துபோயிருக்கும் அவலம் புலனாகிறது.

அச்சகத்துக் கணினியில் நிகழும் அஜாக்கிரதையே இதற்கு மூலகாரணம். மேலே அகன்று கீழே குறுகும் புட்டிக்கு ஒட்டும் லேபிளைச் சற்று வில்போல் வளைத்து வரைந்தால்தான் ஒட்டிய பிறகு நேராகத் தெரியும் என்பது உண்மை. அந்த வளைவைப் பின்னணி, படம், பெயர் ஆகிய எல்லா லேயர்களுக்கும், அதாவது அடுக்குகளுக்கும், ஒரே அளவில் கொடுக்க வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் ஒவ்வொரு லேயரையும் தனித்தனியாகத் தேர்ந்து போட்டோஷாப்பின் வார்ப் என்னும் வளைப்புக் கட்டளையைக் கொடுத்தால், மென்பொருள் அந்தந்த லேயரின் எல்லைக்கட்டத்தையே அளவாகக் கொள்ளுகிறது. ஆகையால், அகன்ற பின்னணி ஒரு விதமாகவும், குறுகிய எழுத்துவரி வேறு விதமாகவும் வளைந்து ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. சரியான வழி, வளைய வேண்டிய லேயர்களைக் கன்ட்ரோல் விசையை அழுத்தி ஒருசேரத் தேர்ந்து, அவற்றை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, அதற்கு ஒரே ஒரு முறை வார்ப் கொடுப்பதுதான். எழுத்து எழுத்தாகவே உள்ளே இருக்கும், பிழை கண்டால் திறந்து திருத்தலாம், வளைவும் பங்கமில்லாமல் நிற்கும். இலவசமான ஜிம்ப் மென்பொருளிலும், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், பல லேயர்களைச் சேர்த்துத் தேர்ந்து உருமாற்றலாம்.

இவ்வசதியைத் தெரிந்துகொண்டவர்கள் செய்வதோ அடுத்த தவறு. அலங்காரத்துக்கென்று அலையோ புடைப்போ கொடுக்கும்போது, சட்டம் கேட்கும் விவரங்களையும் பார்கோடையும் அதே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கூடாது, கூடவே கூடாது. உரிம எண், நிகர எடை, விலை, தேதி, விலாசம், சேர்மானப் பொருள்கள், பச்சைக் குறி, பார்கோடு ஆகியவற்றைத் தனிக் குழுவாக்கி, அதற்குப் பெயரிட்டுப் பூட்டி, வளையாத வெண்கட்டத்தில் வைக்க வேண்டும். பார்கோட்டை ஒருபோதும் நெளிக்கக்கூடாது. சிறிய புட்டியானால் அதன் கோடுகள் ஏணிப் படிகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமையுமாறு திருப்பி வைப்பதே கருவி வாசிப்பதற்கு உகந்தது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பண்ட எடையளவை விதிகள், ஓர் எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்றே சொல்லுகின்றன; பக்கவாட்டில் நசுக்கிய எழுத்து இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகும். விலையும் எடையும் பின்னணியினின்று துலக்கமாக வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறையோ, முதன்மை முகப்பு 100 சதுர செ.மீ. வரை இருந்தால் பச்சை வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ., 500 வரை 4 மி.மீ., சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் விட்டத்தைப்போல் இரு மடங்கு என்று அளந்து வைத்திருக்கிறது. வாசிக்க முடியாத லேபிள் தவறான லேபிளாகக் கொள்ளப்பட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி மூன்று லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. சுயதொழில் செய்யும் பெண்மணி ஒருவர் அதைக் கட்ட நேர்ந்தால் என்ன ஆவார் என்று அச்சகத்தார் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கு மற்றுமிரண்டு எச்சரிக்கைகள். கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாமே தவிர, தமிழ் மட்டும் போதாது. நெளிந்த விவரத்தின்மேல் புதுத் துண்டுச்சீட்டு ஒட்டிச் சமாளிப்பதும் கூடாது. அச்சிட்ட விலையைக் குறைப்பதற்கு மட்டுமே ஒட்டுச்சீட்டை விதி அனுமதிக்கிறது, அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன் உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, புட்டியில் சுற்றி, வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

வாங்குகிறவர்கள் செய்யத்தக்கது யாது? ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில்லாத முறையீடு நொண்டி முறையீடு. லேபிளைச் சுற்றிலும் படமெடுத்துக்கொண்டு, பதினான்கு இலக்க உரிம எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் இட்டுப் பாருங்கள். எண்ணை வாசிக்கவே முடியவில்லையென்றால் அதுவே புகாருக்குப் போதிய காரணம். எடை, விலை, விலாசம் பற்றிய குறை டில்லி அரசின் எடையளவைத் துறைக்கும், சேர்மானம், பச்சைக் குறி, உரிம எண் பற்றிய குறை மாவட்டத்தின் நியமன அதிகாரிக்கும் உரியவை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், ஒவ்வோர் உத்தியோகஸ்தரும் மற்றவர் மேஜையைச் சுட்டிக்காட்டுவார். ஆதலால் இரண்டு மனுக்களாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு எண் வாங்குங்கள். மாதங்கள் கடந்தும் கடைப்பக்கம் எட்டிப் பாராத பரிசோதகர்களைக் குறித்து எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் எழுத்து மூலமான புகாரே இல்லாவிட்டால் அவர்களைக் கேள்வி கேட்கவும் வழியில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவே வழக்கிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

பண்டத்தின் உள்ளடக்கத்திலேயே சந்தேகம் வந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சட்ட மீறல் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டால் இந்த உரிமை கைநழுவிவிடும்.

நிலக்கடலை ஒவ்வாத ஒரு குழந்தையின் தாய்க்கு, அந்த லேபிளின் ஒரு சிறு வரி, புட்டியின் அழகு முழுவதையும்விட முக்கியமானது. வாசிக்க முடியாத புட்டியை, அது எத்தனை ருசியான பண்டமாயினும், விலை கொடுத்து வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.