மலைக்குக் கீழே ஓர் ஊர்

நடந்து பார்த்த ஊர்கள் – 14

சென்ற வாரம் ஸ்பெயினின் தொலேதோவில் நடந்தோம். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் பழைய ஊர். அங்கே 999-ல் கட்டிய சின்னப் பள்ளிவாசல் ஒன்று பிறகு தேவாலயமாக மாறி இன்றும் நிற்கிறது. அதன் முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி, கட்டிய ஆண்டை அரபியில் பதித்திருக்கிறார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, எழுத்தைக் காட்டிப் பொருள் சொல்கிறார்கள்.

அதை எழுதும்போதே, சுவரில் எழுத்து இருந்தும் நாம் நின்று படிக்காத திருப்பதிக்கு என் மனம் போய்விட்டது. நமக்குத் திருப்பதி என்றால் மலைதான். ரயிலை விட்டு இறங்கியதும் பஸ் ஏறுகிறோம். தரிசனம் முடிந்ததும் லட்டுப் பையோடு ஊர் திரும்புகிறோம். கீழ்த்திருப்பதி நமக்கு வண்டி மாறும் இடம், அவ்வளவே. இந்த வாரம் அந்த ஊருக்குள் நடப்போம். வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும். காலை ஐந்தரைக்கு ரயில் நிலைய வாசலுக்கு வந்துவிடுங்கள்.

நிலையத்துக்கு எதிர்ப்பக்கமே கோவிந்தராஜர் கோயிலின் திருக்குளம். அதைத் தாண்டினால் ஏழு நிலைக் கோபுரம். 17-ஆம் நூற்றாண்டில் மட்லி அனந்தராஜா எழுப்பியது. கோபுரம் அவர் காலத்தது. கோயில் அதைவிட மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்துக் கோவிந்தராஜர் சந்நிதிக்கு இடையூறு வந்தபோது, இராமானுசர் இங்கே அந்தப் பெருமாளை எழுந்தருளச் செய்து, கோயிலைச் சுற்றி வீதிகளும் அமைத்தார் என்பது வைணவ மரபு. ஆகவே மாடவீதியில் நீங்கள் எடுத்து வைக்கும் அடி, ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய ஊரமைப்பின் மேல் விழுகிறது.

உள்ளே பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். தம்பி சீனிவாசன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினான். வந்து குவியும் காணிக்கையை அளந்து அளந்து அண்ணன் அசந்து தூங்கிவிட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

அளந்த கணக்கு கதையில் மட்டும் இல்லை, சுவரிலும் இருக்கிறது. வெளியே வந்து அடித்தளக் கல்லைக் குனிந்து பாருங்கள். தமிழ் எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும். பழகிய கண்ணுக்கு மெல்ல மெல்ல வசப்படும். மலை மேலும் கீழுமாக உள்ள கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன, பெரும்பாலானவை தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர்களின் உழைப்பால் 1930-களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது.

என்ன எழுதியிருக்கிறது? விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் பல, கொடைக் கணக்குகள். ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் இத்தனை என்று கட்டுவார். கோயில் அந்தப் பணத்தைப் பூட்டி வைக்காது. தன் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டும். தண்ணீர் வந்து கூடுதலாக விளைந்ததில் அவர் பெயரால் பெருமாளுக்கு அமுதுபடி, அதிரசப்படி, அப்பப்படி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். பலர் அந்தப் பங்கை வழிப்போக்கர்களுக்குச் சோறிடும் இராமானுஜ கூடங்களுக்கு எழுதிவைத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் ஆதரவில் அந்தக் கூடங்களை நடத்தியவர் கந்தாடை இராமானுஜ ஐயங்கார். ஒருவன் காணிக்கை ஓர் ஊருக்கு ஏரியாகி, வயலில் நெல்லாகி, பசித்தவன் இலையில் சோறாகியிருக்கிறது. இந்தச் சுவரைவிட நல்ல பொருளாதாரப் பாடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து காந்தி ரோட்டுக்கு வந்தால் ஹாதிராம்ஜி மடம். 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிர்வாகத்தை இந்த மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. 1932-ல் சட்டம் வந்து தேவஸ்தானம் பொறுப்பேற்கும் வரை, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு ஏழுமலையான் கோயில் அவர்கள் கையில் இருந்தது.

இனி வடக்கே, மலையை நோக்கி. கபில தீர்த்தத்தில் அருவி நேரே குளத்தில் விழுகிறது. சைவர்களுக்குக் கபிலேசுவரர் சந்நிதி; வைணவர்களுக்கு இது ஆழ்வார் தீர்த்தம். ஒரே தண்ணீருக்கு இரண்டு பெயர். அதையும் தாண்டினால் அலிபிரி. திருமலை நம்பி நாள்தோறும் மலையிலிருந்து இறங்கி வந்து, இராமானுசருக்கு இராமாயணப் பொருள் சொன்ன இடம் இந்த அடிவாரம் என்பார்கள்.

நம் நடை இங்கே முடிகிறது. படிகள் இங்கே தொடங்குகின்றன. 1944-ல் மலைச்சாலை திறக்கும் வரை நடந்தோ டோலியிலோதான் மேலே போக முடிந்தது. அதனால் கீழே தங்கி, குளித்து, கோவிந்தராஜரைக் கும்பிட்டுவிட்டே ஏறினார்கள். சாலை வந்து நம் நேரத்தை மிச்சப்படுத்தியது. ஊரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்கிறது தொல்காப்பியப் பாயிரம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 2022-ல் தனி மாவட்டத்துக்குத் தலைநகரும் ஆனது. எல்லைக் கோடு எங்கே போனாலும் சுவரில் உள்ள எழுத்து அழியவில்லை. அந்தக் கோயிலைத் தெலுங்கு மக்கள் இத்தனை காலம் தங்கள் கோயிலாகக் காத்து நிற்கிறார்கள். வாசிக்க வேண்டியது நாம்.

அடுத்த முறை திருப்பதி போகும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை அந்தச் சுவரின் முன் நிறுத்தி, ஒரே ஒரு வரியையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் மலை ஏறுங்கள்.

அடுத்த வாரம்: சந்திரகிரிக் கோட்டை.