ரவையும் பாலாடைக்கட்டியும் பழமும்: ஞாயிறு காலைக்கு ஒரு ரஷ்யப் பலகாரம்

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் குழந்தைகள் பாலர் பள்ளி நாள் முதலே சாப்பிட்டு வளரும் பலகாரம் ஒன்று இருக்கிறது. பெயர் ஸப்பிகான்கா. பாலாடைக்கட்டி, முட்டை, ரவை, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஓவனில் வைத்துவிட்டால் போதும். பக்கத்தில் நின்று கிளற வேண்டாம், ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்கவும் வேண்டாம்.

கவனம் வேண்டியது ஈரத்தில் மட்டும். பாலாடைக்கட்டியிலும் பழத்திலும் இருக்கும் தண்ணீரை அடக்கிவிட்டால் துண்டு அழகாக நிற்கும். விட்டுவிட்டால் கூழாகும். கீழே வரும் குறிப்புகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்.

எந்தச் சீஸ் வாங்குவது?

பீட்சாவுக்கும் சாண்ட்விச்சுக்கும் போடும் சீஸ் இதற்கு ஆகாது. அது சூட்டில் உருகி நெய் கக்கும், உப்பும் கூடுதல். இதற்கு உருகாத, இலேசாகப் புளிக்கிற பாலாடைக்கட்டி வேண்டும். ரஷ்யாவில் அதை த்வோரக் என்பார்கள். புளித்த பாலை மெல்லச் சூடாக்கி, பிரியும் தெளிநீரை (பால் திரிந்தால் தனியே நிற்கும் மஞ்சள் சாயல் நீர்) வடித்து எடுப்பது அது.

அது கிடைக்காவிட்டால்?

வீட்டிலேயே செய்யலாம். கொழுப்பு நீக்காத பால் 2 லிட்டரைத் தயிராக உறைய வையுங்கள். மறுநாள் அந்தத் தயிரை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள்; கொதித்தால் கட்டி வறண்டு மணல் மணலாகிவிடும். ஓரங்களில் நீர் பிரிந்ததும் அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அது நன்றாக இருக்கும்.

அவசரத்துக்குக் கடைப் பனீர் போதும். அதில் புளிப்பு இல்லை, இறுக்கமும் அதிகம். ஆகவே உதிர்த்து, நான்கு கரண்டி கெட்டித் தயிர் சேர்த்து மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ரிக்கோட்டா வாங்கலாம்; அதையும் துணியில் வடித்த பிறகே சேர்க்க வேண்டும்.

என்னென்ன, எவ்வளவு?

நான்கு பேருக்கு: பாலாடைக்கட்டி 400 கிராம், முட்டை 2, வெள்ளை ரவை 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 4 மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி (பனீரை அரைக்கும்போதே தயிர் சேர்த்திருந்தால் இது வேண்டாம்), உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசென்ஸ் சில துளி, உலர்திராட்சை ஒரு கைப்பிடி, தட்டில் தடவ வெண்ணெய்.

ரவை எதற்கு?

ஈரத்தைக் குடிப்பதற்கு. கட்டியில் மிச்சமிருக்கும் நீரை உறிஞ்சி, உப்பி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது ரவைதான். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கலந்த உடனே ஓவனில் வைத்தால் ரவை பல்லில் நறநறக்கும். குறைந்தது 20 நிமிடம் ஊற விடுங்கள். உங்கள் ரவை பெருவெட்டாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வது?

முட்டை, சர்க்கரை, உப்பு, வெனிலா நான்கையும் அடித்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டியை நன்றாக மசித்து, தயிரோடும் ரவையோடும் அதில் சேர்த்துக் கலந்து ஊற வையுங்கள். இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் சரி. பிறகு பழத்தைக் கலக்குங்கள்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டில் வெண்ணெய் தடவி, மேலே கொஞ்சம் ரவை தூவினால் அடியில் ஒட்டாது. கலவையை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். மேற்பரப்பு பொன்னிறமாகி, தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் சற்றே ஆடும்போது எடுத்துவிடலாம். அதற்கு மேல் வைத்தால் முட்டை இறுகி, நீர் கக்கத் தொடங்கும்.

எந்தப் பழம் போடலாம்?

அங்கே வழக்கம் உலர்திராட்சை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். ஆப்பிளைச் சிறு துண்டாக நறுக்கி, வெண்ணெயில் ஈரம் வற்ற வதக்கிச் சேர்க்கலாம். நன்கு பழுத்த வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி அடியில் அடுக்கலாம். சாறு மிகுந்த மாம்பழத்தைத் துண்டாக்கி, ஒரு கரண்டி சோள மாவில் புரட்டிப் போடுங்கள்.

அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகக் கலக்காதீர்கள். அவற்றில் உள்ள நொதி (புரதத்தைச் சிதைக்கும் பொருள்) பாலாடைக்கட்டியைக் கசக்க வைக்கும். அன்னாசியை முதலில் சர்க்கரையோடு நன்றாக வேகவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

ஓவன் இல்லையே?

கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே நீர் சொட்டாமல் இன்னொரு தட்டால் மூடி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, தோசைக்கல்லில் கொஞ்சம் நெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுங்கள். ஓவன் தரும் மொறுமொறுப்பான மேல்தோல் ஓரளவு வந்துவிடும்.

முட்டை சாப்பிடாதவர்கள்?

முட்டைக்குப் பதில் 2 மேசைக்கரண்டி சோள மாவும், இன்னும் ஒரு கரண்டி ரவையும் சேர்க்கலாம். முட்டை போட்டதைப் போல் உப்பாது, துண்டு கொஞ்சம் மென்மையாக இருக்கும். முழுதும் குளிர்ந்த பிறகு வெட்டினால் உடையாது.

உடனே வெட்டலாமா?

பொறுங்கள். சூடாக இருக்கும்போது உள்ளே ஈரம் இன்னும் அடங்கியிருக்காது. கால் மணி நேரம் ஆறவிட்டால் தானே இறுகும். ரஷ்யர்கள் இதன்மேல் புளித்த பாலேடோ, ஜாமோ, இனிப்பான கெட்டிப் பாலோ விட்டுச் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் கெட்டித் தயிரும் தேனும் பொருத்தமாக இருக்கும்.

காலையில் இவ்வளவுக்கும் நேரம் ஏது?

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு பாலை உறைய வையுங்கள். சனிக்கிழமை தயிரைத் திரித்து வடித்து, இரவில் பழம் தவிர மற்றதையெல்லாம் கலந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரவை இரவெல்லாம் ஊறுவதால் பலகாரம் இன்னும் மென்மையாக வரும். ஞாயிறு காலையில் பழத்தைக் கலந்து ஓவனில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். கலவை குளிர்ந்திருப்பதால் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குளிர்ச்சியாகவே சாப்பிடலாம் என்பதால் திங்கட்கிழமை பள்ளி டிபன் பாக்ஸுக்கும் ஆயிற்று.